சிறிய தகடும் பெரிய பொறுப்பும்
(வீட்டிற் கட்டும் மோட்டார்க் காரின் பிடிதாங்கிகள் பற்றிய ஒரு விளக்கம்)

கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் கேட்டபோது, எதைப்பற்றி எழுதுவது என நாம் நெடுநேரம் தயங்கினோம். சமயத்தையும் இலக்கியத்தையும் பற்றி எழுத வல்லார் எம் பழைய மாணவருள் பலர் உளர். எமது வாழ்நாளோ இரும்போடு கழிந்தது. ஆகவே, கைக்குப் பழகியதையே காணிக்கையாக்கத் துணிந்தோம். உள்ளங்கையில் அடங்கும் ஓர் இரும்புத் தகட்டின் கதையே இது.

நாம் படித்த காலத்தில் கல்லூரி வளவின் ஒரு மூலையில் ஓட்டுக்கூரை வேய்ந்த கைவேலைக் கூடம் ஒன்று இருந்தது. பரீட்சைக்கு உதவாத பாடம் எனப் பலர் அதனை எள்ளினர். அங்கு எமக்கு அரம் பிடிக்கப் பழக்கிய ஆசிரியர், நாம் நேரென்று கொண்டுபோய்க் காட்டிய துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மூலைமட்டத்தை வைத்துப் பார்த்து, “தம்பி, கண் சொல்வது நேரல்ல, மட்டம் சொல்வதே நேர்” என்று திருப்பித் தருவார். அவ்வார்த்தையின் முழுப்பொருளையும் நாம் உணர்ந்தது முப்பது ஆண்டுகள் கழிந்த பின், இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு பழைய துறைமுகப் பட்டினத்தில், வீட்டின் பின்புறத்துச் சிறு கராச்சில் ஒரு மோட்டார்க் காரை எம் கையாற் கட்டியபோதுதான்.

வினைத்திட்பத்தைப் பேசுமிடத்தில் வள்ளுவர் தேரின் அச்சாணியை உவமையாக்கினார். அச்சாணியின் இடத்தில் இன்று மோட்டார்க் காரில் நிற்பவற்றுள் ஒன்று, சில்லைச் சட்டகத்தோடு பிணைக்கும் பிடிதாங்கி. பட்டறைகளில் இதனைப் ‘பிறக்கற்’ என்பர். உருவிற் சிறியது, விலையிலும் அற்பமானது. அது பிடுங்குண்டால் சில்லுக்குத் தெருவோடும் சுக்கானோடும் உள்ள உறவு அறுந்துபோகும். அதனை எவ்வாறு வகுப்பது, வெட்டுவது, வளைப்பது, பொருத்துவது என்பதையே இங்கு விளக்கப் புகுகின்றோம்.

கராச்சிற் பிறந்த கார்கள்

வீட்டிற் கார் கட்டும் வழக்கம் இங்கிலாந்தில் ஆழ வேரூன்றியது. 1922 முதல் 1939 வரை உற்பத்தியான ஒஸ்ரின் செவன் என்னும் சிறிய கார், பழையதாகி மலிந்தபோது, ஆர்வமுள்ள இளைஞர்க்கு மூலப்பொருளாயிற்று. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டட அமைப்புப் பொறியியல் பயின்ற கொலின் சப்மன் என்பார், 1948இல் அத்தகைய பழைய ஒஸ்ரின் ஒன்றைக் கழற்றித் தம் முதற் காரைக் கட்டினார். லொத்தஸ் என்னும் பெயர் உலகறிந்தது அங்ஙனமே. அவர் 1957இல் வெளியிட்ட லொத்தஸ் செவன் என்னும் கார், மெல்லிய உருக்குக் குழாய்களை முக்கோணங்களாகப் பின்னிய சட்டகத்தின்மேல் அலுமினியத் தகடு போர்த்தியது. முழுமையாகக் கட்டிய காருக்கு அக்காலத்திற் கொள்வனவு வரி உண்டு; உறுப்புகளாக வாங்கித் தாமே பூட்டிக்கொள்வார்க்கு அவ்வரி இல்லை. ஆகவே பலர் அதனைப் பெட்டிகளில் வாங்கி வீட்டிற் பூட்டினர்.

1996இல் ரொன் சம்பியன் என்பார், இருநூற்றைம்பது பவுணுக்கே சொந்தமாக ஓர் ஓட்டக் காரைக் கட்டலாம் என்னும் தலைப்பில் நூல் ஒன்றை வெளியிட்டார். லொத்தஸ் செவனை ஒத்த இக்காருக்கு, ‘குறைந்த செலவு’ என்னும் பொருள்பட லோகொஸ்ற் எனப் பெயர் வழங்கிற்று. இதில் நம் போன்றோர் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. சம்பியன், ஓண்டில் என்னும் பாடசாலையில் மாணவர்க்குக் கார் கட்டக் கற்பித்தவர். அப்பாடசாலைக்கு 1892 முதல் 1922 வரை தலைமை தாங்கிய சாண்டர்சன், ஏட்டுக் கல்வியோடு உலைக்களத்தையும் பட்டறையையும் பாடசாலைக்குள் கொணர்ந்த பெருமகன். எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் அவரைப்பற்றி 1924இல் தனிநூலே எழுதினார். ஒரு தலைமையாசிரியர் நட்ட விதை, முக்கால் நூற்றாண்டு கடந்த பின் ஆயிரம் கராச்சுகளில் முளைத்தது எனலாம். கைவேலைக் கூடத்தைப் பூட்டிவைக்க எண்ணும் பாடசாலைகள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

எமது காரும் அந்நூலின் வழிவந்ததே. பழைய போட் எஸ்கோட் ஒன்றின் பின்னச்சும் இயந்திரமும், கோற்றீனா ஒன்றின் முன்சில்லு நிமிர்தண்டுகளும் அதற்கு உதவின. 25 மில்லிமீற்றர்ச் சதுரக் குழாயால் ஆன சட்டகத்தின் சுவர்த் தடிப்பு 1.6 மில்லிமீற்றர் மாத்திரமே. முன்சில்லு ஒவ்வொன்றையும் மேலொன்றும் கீழொன்றுமாக இரு முக்கோணப் புயங்கள் பற்றி நிற்கும். ஒரு புயத்துக்கு இரண்டாக, முன்பக்கத்துக்கு மாத்திரம் எட்டுப் பிடிதாங்கிகள் வேண்டும். சுருள்வில்லின் தலையைத் தாங்குவன வேறு. பின்னச்சைப் பிடிப்பன வேறு.

விசைகளை முதலில் அறிக

தகட்டை வெட்டுமுன் அதன்மேல் வரும் விசையை அறிதல் வேண்டும். ஆள் ஏறிய கார் 600 கிலோகிராம் எனக் கொள்வோம். நின்றநிலையிற் சில்லொன்று ஏறக்குறைய 150 கிலோகிராம் தாங்கும். இதைமட்டும் எண்ணி, ‘நூற்றைம்பதுதானே’ என அமைதியடைவார் பலர். அஃது ஏமாற்றமான அமைதி.

கார் விரைந்து செல்கையிற் சடுதியாகத் தடை பிடித்தால் எடை முன்னோக்கிச் சாய்கின்றது. அப்போது முன்சில்லு ஒன்றின் அடியைத் தெரு பின்னோக்கி இழுக்கும் விசை 200 கிலோகிராம் எடைக்குச் சமமாகலாம். இவ்விசை தாக்குமிடம் தெருமட்டம். கீழ்ப்புயத்தின் மூட்டுத் தெருவிலிருந்து 15 சென்ரிமீற்றர் உயரத்திலும், மேற்புயத்தின் மூட்டு 40 சென்ரிமீற்றர் உயரத்திலும் உள்ளன என்க. மேல்மூட்டைப் பற்றித் திருப்பம் எடுப்பின், 200ஐ 40ஆற் பெருக்கி, மூட்டுகளின் இடைத்தூரமாகிய 25ஆல் வகுக்க, கீழ்மூட்டு 320 கிலோகிராம் விசையை ஏற்க வேண்டியிருக்கும். மேல்மூட்டு எதிர்த்திசையில் 120 கிலோகிராம் ஏற்கும். இரண்டின் வேறுபாடே தெரு தந்த 200.

இத்துடன் முடியவில்லை. கீழ்ப்புயத்தின் மூட்டு, அதன் இரு பிடிதாங்கிகளை இணைக்கும் கோட்டிலிருந்து 30 சென்ரிமீற்றர் வெளியே நிற்பதாகவும், பிடிதாங்கிகளுக்கு இடையே 25 சென்ரிமீற்றர் இருப்பதாகவும் கொள்வோம். 320 கிலோகிராம் விசை புயத்தைத் திருப்ப முயலும். அதனால் ஒரு பிடிதாங்கியை 384 கிலோகிராம் வெளியே இழுக்கும். மற்றதை அதேயளவு உள்ளே தள்ளும். நின்றநிலையில் 150 எனக் கண்ட இடத்தில், காலால் ஒருமுறை மிதித்த மாத்திரத்தே இத்தனை பெருக்கம். குழியொன்றிற் சில்லு விழுந்து மோதுமாயின் இன்னும் பன்மடங்காகும்.

சுருள்வில்லின் தலைப் பிடிதாங்கியும் இவ்வாறே. வில்லின் அடி, கீழ்ப்புயத்தின் நீளத்தில் மூன்றிலிரு பங்கிற் பொருந்துமாயின், சில்லின் 150 கிலோகிராம் வில்லுக்கு 225 ஆகும். வில் நிமிர்ந்து நில்லாது 35 பாகை சாய்ந்திருப்பின் அது ஏறக்குறைய 275 ஆகும். நெம்புகோலின் விதி எவர்க்கும் சலுகை காட்டுவதில்லை.

இவ்விசைகள் ஒருமுறை வந்து போவன அல்ல. ஓராண்டு ஓட்டத்தில் இலட்சக்கணக்கான முறை இழுத்தும் தள்ளியும் வருவன. ஒரே அடியில் முறியாத உருக்கு, சிறிய இழுவை பலகால் வரும்போது ஓரிடத்தில் நுண்ணிய வெடிப்புக் கொண்டு, அவ்வெடிப்பு நாளுக்கு நாள் வளர, ஒருநாள் முன்னறிவிப்பின்றி முறியும். இதனை உலோகக் களைப்பு என்பர். 1954இல் இரு கொமெற் விமானங்கள் வானிலேயே சிதைந்தமைக்கு இதுவே காரணமென ஆய்ந்து கண்டனர். உடலில் வெட்டிய திறப்புகளின் மூலையருகே, ஆணித்துளைகளில் வெடிப்புத் தொடங்கிற்று. கூரிய மூலை, கீறல், கரடான துளை என்பன களைப்புக்கு வாயில்கள். எமது கராச்சுக்கும் இப்பாடம் பொருந்தும்.

வடிவமும் பொருளும்

பிடிதாங்கிக்கு 3 மில்லிமீற்றர் மென்னுருக்குத் தகடே ஏற்றது. மிகுவலி உருக்கைத் தேடி அலைதல் வேண்டாம். மென்னுருக்கு வளையும், இணைப்புக்கு இசையும், முறியுமுன் கோணி எச்சரிக்கும். வலியது எனப்படும் உருக்குகளுட் பல, சூடேறிக் குளிர்கையில் இணைப்பின் ஓரத்தில் நொய்தாகிவிடும். நாகம் பூசிய தகட்டைத் தவிர்க்க. காய்ச்சும்போது எழும் வெண்புகை காய்ச்சலை உண்டாக்கும், இணைப்பும் துளைபடும்.

வடிவத்தில் முதல் விதி, சுரையாணிக்கு இருபுறமும் தாங்கல் இருத்தல். போல்ற்று எனப்படும் சுரையாணி ஒரு காதில் மாத்திரம் நீட்டிக்கொண்டு நிற்பின், விசை அதனை வளைக்கும், காதையும் முறுக்கும். இரு காதுகளின் நடுவே புயத்தின் முனை அமர்ந்து, சுரையாணி இரண்டையும் ஊடுருவி நிற்பின், விசை இரண்டாகப் பங்கிடப்படும்; வளைவு மிகவும் குறையும். ஒரு தடியை ஒருவர் முனையிற் பிடித்துச் சுமை தூக்குவதற்கும், இருவர் இருபுறமும் பிடித்து நடுவிற் சுமை தொங்குவதற்கும் உள்ள வேறுபாடே இது.

இரண்டாவது விதி, காதுகளின் இடைவெளி புயமுனையிலுள்ள புஷ்ஷின் உட்குழாய் நீளத்துக்குச் சரியாய் இருத்தல். புஷ் என்பது உட்குழாய் ஒன்றும் வெளிக்குழாய் ஒன்றும் நடுவே ஒட்டிய இறப்பருமாம். சுரையாணியை இறுக்கும்போது காதுகள் உட்குழாயின் இரு முனைகளையும் கவ்விப்பிடிக்க, இறப்பர் முறுகுதலாற் புயம் அசையும். இடைவெளி அகன்றிருப்பின் காதுகளை உள்ளிழுத்தே இறுக்க நேரிடும். அவை அந்நாள்முதல் இழுவிசையோடேயே வாழும். குறுகியிருப்பின் புஷ்ஷை அடித்து நுழைப்பர், இறப்பர் கிழியும்.

மூன்றாவது விதி, துளையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரம்வரை சுரையாணி விட்டத்தின் ஒன்றரை மடங்குக்குக் குறையாதிருத்தல். 12 மில்லிமீற்றர்ச் சுரையாணிக்கு 18 என்பது கீழெல்லை. நாம் 20 விட்டோம். சுரையாணி 8.8 எனத் தலையிற் பொறித்த தரத்தினதாய் இருக்க வேண்டும். அக்குறியில் முதலெண் சதுர மில்லிமீற்றருக்கு 800 நியூற்றன் இழுவலிமையையும், இரண்டாவது அதில் பத்திலெட்டுப் பங்காகிய 640இல் அது நிலையாக நீளத் தொடங்கும் என்பதையும் குறிக்கும். காதுகளினுள் அமைவது சுரையாணியின் மழமழப்பான உடலாதல் வேண்டும். புரிவெட்டிய பகுதி அன்று. புரியின் பள்ளம் ஒவ்வொன்றும் வெடிப்புக்கு இட்ட விதை.

நான்காவது விதி சட்டகத்தைப் பற்றியது. 1.6 மில்லிமீற்றர்க் குழாயின் முகத்து நடுவே பிடிதாங்கியை ஒட்டினால், தகரப்பேணியின் மூடியை அமுக்கி விடுவதுபோல் அம்முகம் உள்ளும் புறமும் துடித்துக் கிழியும். ஆதலால் விசை குழாயின் பக்கச் சுவர்களுக்குச் செல்லுமாறு பிடிதாங்கியின் அடியை அமைத்தல் வேண்டும். இயன்றவரை குழாய்கள் ஒன்றுகூடும் முடிச்சின் அருகே வைத்தல் வேண்டும்.

வெட்டலும் வளைத்தலும்

முதலில் தடித்த காகித அட்டையில் வடிவத்தை வெட்டி, மடித்து, உரிய இடத்தில் வைத்துப் பார்க்க. அட்டையிற் செய்த பிழைக்கு விலையில்லை. பின் தகட்டில் வரைக. வெட்டும் கோட்டை எழுத்தூசியாற் கீறலாம். வளைக்கும் கோட்டைப் பென்சிலால் மாத்திரம் இடுக. வளைவின் வெளிப்புறம் நீளும்போது அங்குள்ள கீறல் வெடிப்பாகும்.

வளைக்குமுன் நீளத்தைக் கணிக்கும் இடத்திற் கற்றாரும் தடுமாறுவர். எமது பிடிதாங்கி ‘ப’ வடிவினது. உள் இடைவெளி 40 மில்லிமீற்றர், கால்களின் வெளியுயரம் 40, தகடு 3, வளைவின் உள்ளாரை 3. வெளியளவுகளைக் கூட்டினால் 46உம் 40உம் 40உம் சேர்ந்து 126 வரும். அவ்வளவு வெட்டினாற் கால் நீண்டுபோகும். சரியான முறை வருமாறு: அடியின் தட்டையான பகுதி, 40இல் இரு உள்ளாரைகளைக் கழிக்க 34. கால் ஒவ்வொன்றினதும் தட்டையான பகுதி, 40இல் தடிப்பையும் உள்ளாரையையும் கழிக்க 34. வளைவில் உட்புறம் சுருங்கும், வெளிப்புறம் நீளும், இரண்டுமற்ற நடுநிலைக் கோடு உட்புறத்திலிருந்து தடிப்பின் பத்தில் நான்கு பங்களவில், அதாவது 1.2 மில்லிமீற்றரில் உளது. அதன் ஆரை 4.2, கால்வட்டத்தின் நீளம் 6.6. ஆகவே மொத்த நீளம், மூன்று 34உம் இரண்டு 6.6உம் சேர்ந்து 115.2 மில்லிமீற்றர். பத்து மில்லிமீற்றருக்கு மேற்பட்ட வேறுபாடு. வகுப்பில் நாம் வெறுத்த கேத்திரகணிதம், கராச்சில் வந்து இவ்வாறு கைகொடுத்தது.

அறுக்கும் வாள் அங்குலத்துக்கு 24 பல்லுடையதாய் இருக்கட்டும். 3 மில்லிமீற்றர்த் தகட்டில் அப்போது ஏறக்குறைய மூன்று பற்கள் ஒருங்கே படியும். அதிற் குறைந்தாற் பல் கொளுவி உடையும். உள்மூலை வருமிடத்தில் முன்னரே ஒரு துளையிட்டு, அத்துளைவரை அறுத்து நிறுத்துக. மூலை தானே வட்டமாகும். ஓரங்களை அரத்தால் நீளவாக்கிற் தேய்த்து வாளின் தடம் மறையச் செய்க.

வைஸின் கூரிய தாடையிற் பிடித்துச் சுத்தியலால் அடித்து மடிப்பது பெருந்தவறு. உள்ளாரை தகட்டின் தடிப்புக்குக் குறையாதிருக்க வேண்டும். ஓரம் உருட்டிய இரும்புக் கட்டை ஒன்றைத் தாடைக்கும் தகட்டுக்கும் இடையே வைத்து வளைக்க. தகடு ஆலையில் உருட்டப்பட்ட திசைக்குக் குறுக்கே மடிப்பு வருமாறு முன்னரே வெட்டிக்கொள்ளல் நன்று. மரத்தைப் போலவே உருக்குக்கும் நார்த்திசை உண்டு.

துளையிடலும் இடங்குறித்தலும்

இரு காதுகளின் துளைகளும் ஒரே கோட்டில் இருத்தல் வேண்டும். வளைக்குமுன் ஒவ்வொன்றிலும் 4 மில்லிமீற்றர்த் துளை மாத்திரம் இடுக. வளைத்தபின், நடுவில் இறுக்கமாகப் பொருந்தும் மரக்கட்டை ஒன்றை வைத்து, துறப்பணத்தை நிறுத்தி, இரு காதுகளையும் ஒரே முறையில் ஊடுருவி 8 ஆகவும் பின்னர் 12 ஆகவும் பெருப்பிக்க. துளையின் இருபுறத்துப் பிசிறையும் நீக்குக.

ஒரு புயத்தின் இரு பிடிதாங்கிகளையும் தனித்தனியே அளந்து ஒட்டுவார் பலர். ஒவ்வொன்றும் சரியாகத் தோன்றும். புயத்தைப் பூட்டினாற் பிடிக்கும். இரண்டின் அச்சுகளும் ஒன்றாகாமையே காரணம். நாம் 12 மில்லிமீற்றர் மழமழப்பான உருக்குக் கோல் ஒன்றை நீளமாக வாங்கி, இரு பிடிதாங்கிகளிலும் ஊடுருவச் செய்து, அக்கோலையே சட்டகத்துக்கு அளந்தோம். கோல் நேராயின் பிடிதாங்கிகளும் நேராம். சட்டகத்தின் நடுக்கோட்டைத் தரையிற் சுண்ணாம்பு நூலால் அடித்து, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, வலத்தையும் இடத்தையும் ஒப்பிட்டோம். மூலைவிட்டங்கள் இரண்டும் ஒன்றாக வரும்வரை ஒட்டவில்லை. இங்கு நேரும் சில மில்லிமீற்றர்ப் பிழை, சில்லு மேலெழும்போதெல்லாம் சுக்கானைத் தொடாமலே காரை ஒருபுறம் திருப்பும். கண் சொல்வது நேரல்ல என்ற குரல் அவ்விரவுகளில் எம் காதில் ஒலித்தவண்ணம் இருந்தது.

எமக்கு நேர்ந்தது

இனிக் காய்ச்சியிணைத்தல். இதனைப் பொதுவாக விளக்குமுன் எமது பிழையைக் கூறிவிடுதல் முறை.

1999இல் தொடங்கிய வேலை, இரண்டாம் ஆண்டு முன்பக்கத்துப் பிடிதாங்கிகள்வரை வந்திருந்தது. எட்டையும் நாமே இணைத்தோம். இணைப்புக் கோடுகள், அடுக்கிய நாணயங்கள்போல ஒழுங்காக விழுந்திருந்தன. கண்டார் வியந்தனர், நாமும் வியந்துகொண்டோம். கப்பல் கட்டும் துறையில் நாற்பது ஆண்டு இணைப்பு வேலை செய்து ஓய்ந்த முதியவர் ஒருவர் எம் அயலில் இருந்தார். ஒருநாட் பிற்பகல் வந்து, குனிந்து, ஒவ்வொன்றையும் விரலாற் தடவிப் பார்த்தார். புகழுரை வருமென நின்றோம். “இவற்றுள் எதையாவது உடைத்துப் பார்த்தீரா?” என்றார்.

உடைக்கவா செய்தோம் எனச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. எஞ்சிய குழாய்த் துண்டில், அதே இயந்திரத்தை அதே அளவில் வைத்து, ஒரு தகட்டை எம்மைக்கொண்டே இணைப்பித்தார். வைஸிற் பிடித்து, பெரிய சுத்தியலை எம் கையில் தந்தார். இரண்டு அடிக்கும் தாங்கிற்று. மூன்றாம் அடியில் தகடு முழுதாகக் கழன்று தரையில் விழுந்தது. இணைப்பு உலோகம் குழாயோடு ஒட்டியிருந்தது. தகட்டிலோ ஆலைக் கருந்தோல்கூட அழியவில்லை. சுவரிற் பூசிய சாந்துபோல உலோகம் மேலே படிந்ததேயன்றி உள்ளே புகவில்லை.

காரணம் தெளிவு. மெல்லிய குழாய் உருகித் துளைபடுமோ என அஞ்சி மின்னோட்டத்தைக் குறைத்தோம். தடித்த தகடு வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டது, உருகவில்லை. கருந்தோலை அராவி நீக்கவும் சோம்பியிருந்தோம். முதியவர் சென்றபின் எமக்குச் சினமே முதலில் வந்தது. ஒன்று கெட்டதனால் எட்டும் கெட்டனவா, ஒழுங்காக அமைந்தவற்றை அறுப்பதா என மனம் வாதிட்டது. எம் மகனுக்கு அப்போது பதினொரு வயது. கார் ஓடும் முதல்நாளில் முன்னிருக்கையில் தானே அமர்வேனென்று பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தவன். அன்றிரவு கராச்சின் வாயிலில் நின்று, “அப்பா, அந்தத் துண்டு ஏன் விழுந்தது?” என்றான். விடை சொல்ல முயன்றபோதே வாதம் முடிந்துவிட்டது. மறுநாட் காலை எட்டையும் அறுத்தெடுத்தோம். இரண்டு மாதத்து ஞாயிறுகள் இரும்புத்தூளாய் உதிர்ந்தன.

இணைப்பின் விதிகள்

அதன்பின் அம்முதியவரிடம் மாணவராய் அமர்ந்து கற்றவை இவை. இணையும் பரப்பு வெள்ளியென ஒளிரும்வரை அராவுக. வெப்பத்தைத் தடித்த தகட்டின்மேற் செலுத்தி, உருகிய குளத்தை மெல்லிய குழாய்மேல் வழியவிடுக. நான்கு இடத்திற் சிறு ஒட்டுப்போட்டு, அளவை மீளச் சரிபார்த்து, பின்னரே முழுக்கோட்டை இடுக. ஒரு புறத்தில் ஒன்று, மறுபுறத்தில் ஒன்று என மாறிமாறி இடாவிடின், குளிரும் உலோகம் சுருங்கிச் சட்டகத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். காதுகளும் ஒன்றையொன்று நோக்கிச் சாயும்; அதனைத் தடுக்க, புஷ்ஷின் நீளத்துக்கு வெட்டிய வெறும் உருக்குக் குழாயை நடுவில் வைத்துச் சுரையாணியால் இறுக்கி இணைக்க. மெய்யான புஷ்ஷை வைத்தால் இறப்பர் வெந்துபோகும். இணைப்பை மூலையில் முடிக்காது, மூலையைச் சுற்றி வளைத்து முடிக்க. கோட்டின் ஓரத்தில் தகடு பள்ளமாய் அரிக்கப்பட்டிருப்பின் அஃது ஏற்கத்தகாது. நீர் ஊற்றிக் குளிர்விக்காதீர், தானே ஆறட்டும்.

ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் ஒரு மாதிரித் துண்டை இணைத்து, ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்க்க. ஒன்றை அடித்து உடைக்க. இணைப்புக் கழலாது, தகடு மடிந்து அல்லது குழாய் கிழிந்து கெடுமாயின் அன்றைய கை நம்பத்தக்கது. பின்னச்சின் பிடிதாங்கிகளை அனுபவமற்றார் தொடாதிருத்தலே நலம். அச்சுக்கூடு வெப்பத்தால் வளைந்தால் அதனை மீட்டல் அரிது. நாம் அதனைத் தேர்ந்த தொழிலாளி ஒருவரிடமே ஒப்படைத்தோம். தம் கைக்கு எட்டாததை அறிவதும் தொழிலறிவின் ஒரு கூறே.

எல்லாம் பூட்டியபின் புஷ்களின் சுரையாணிகளை உடனே இறுக்குதல் கூடாது. கார் தன் சில்லுகளில் நின்று, ஆட்களின் எடையும் ஏறியபின், அந்நிலையிலே இறுதியாக இறுக்குக. தொங்கும் நிலையில் இறுக்கினால் இறப்பர் எந்நேரமும் முறுகியே நின்று விரைவிற் கிழியும். வெளிர்நிறப் பூச்சையே மெல்லிதாகப் பூசுக. வெடிப்புத் தோன்றின் துருக்கோடாய் உடனே தெரியும். ஆண்டுதோறும் துடைத்து, விளக்கொளியில் ஒவ்வொரு மூலையையும் பார்க்க.

1998 முதல் இங்கிலாந்தில் இத்தகைய கார்கள் தனிவாகன அனுமதிச் சோதனைக்கு உட்பட்டே தெருவுக்கு வரமுடியும். 2009 முதல் அதனிடத்தில் வேறொரு சோதனைமுறை வந்துள்ளது. எமது கார் 2003இல் அச்சோதனையிற் தேறியது. பரிசோதகர் காரின் அடியில் விளக்கோடு நெடுநேரம் கிடந்தார். நாம் அஞ்சவில்லை, எட்டும் எவ்வாறு நிற்கின்றன என்பதை நாம் அறிவோம். மகன் முன்னிருக்கையிலேயே வீடு திரும்பினான். கடற்கரைத் தெருவின் வளைவில் அவன் எழுப்பிய ஆரவாரம் இன்றும் நினைவிலுள்ளது.

முடிவாக

இத்தொழில் மேனாட்டார்க்கே உரியதென எம் மாணவர் எண்ண வேண்டா. 1990களில் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் யாழ்ப்பாணத்துக்கு வாராது தடைப்பட்ட காலத்தில், பழைய ஒஸ்ரின்களையும் மொறிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓடச்செய்தவர் எம்மவர். சிறிதளவு பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை எழுப்பி, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றிய அக்கைவன்மையையும், கிடையாத உறுப்பைக் கிடைத்த இரும்பிற் கடைந்து பொருத்திய அப்பட்டறைகளையும் கண்டோர் இன்றும் எம்மிடையே உளர். நோயாளரையும் பிள்ளைகளையும் ஏற்றிச்சென்ற அக்கார்களின் அடியில், பெயர் தெரியாத ஒரு தொழிலாளி இணைத்த தகடு தாங்கிநின்றது. அவர்களுட் பலர்க்குப் பட்டமில்லை, பொறுப்பு இருந்தது.

ஆதலின் இக்கட்டுரையை வாசிக்கும் மாணவர்க்கு எமது விண்ணப்பம் ஒன்றே. அரமும் வாளும் இழிந்தன என்று எண்ணாதீர். கணிதத்தைக் கையோடு சேர்த்துக் கற்பீராக. அழகாய்த் தோன்றும் உமது வேலையை, பிறர் உயிரை அதன்மேல் ஏற்றுமுன், நீரே ஒருமுறை உடைத்துப் பார்ப்பீராக. பழைய மாணவராகிய எம்மனோர்க்கும் ஒரு கடமை உண்டு. கல்லூரிக்குக் கட்டடமும் கோபுரமும் எழுப்ப முன்வரும் நாம், அந்தக் கைவேலைக் கூடத்தின் கூரையையும், அதிலுள்ள வைஸ்களின் துருவையும் ஒருமுறை சென்று பார்த்தல் வேண்டும். எமக்கு மூலைமட்டம் பிடிக்கக் கற்பித்த ஆசிரியர் இன்றில்லை. அவர் திருப்பித் தந்த துண்டுகளுக்காக, காலந்தாழ்த்தியேனும், எம் நன்றியை இம்மலரில் வைக்கின்றோம்.

— பழைய மாணவர் ஒருவர்